நிறம் மாறிய ஒளியும் மூளைக் கட்டியும்

கிடர்பூர்த் துறைமுகத்தில் நின்று ஹூக்ளி நதியை நோக்குவோமாயின், வண்டல் கலந்த பழுப்பு நீரே கண்ணிற்படும். நீலக் கடலை நினைவூட்ட அங்கே யாதுமில்லை. ஆயினும், அந்நீலத்தைப் பற்றி எழுந்த ஆராய்ச்சி முதிர்ந்து பயன் தந்தது இக்கல்கத்தா நகரிலேதான். அதன் பயன் இன்று மூளைக் கட்டியை அறுக்கும் மருத்துவரின் கைக்கு எட்டியிருக்கின்றது. அது வந்த வழியைச் சிறிது காண்போம்.

திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன், 1907-ஆம் ஆண்டில் தமது 18-ஆம் வயதில் அரசாங்கக் கணக்கு அதிகாரியாகக் கல்கத்தா வந்தார். கிடர்பூருக்குச் சில கல் வடகிழக்கே பௌபஜாரில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் அந்நாளில் இருந்தது. பகலெல்லாம் கணக்கு, காலையும் இரவும் சோதனை. உத்தியோகத்தில் ஓய்வில்லை என்று குறைப்படுவோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

1921-இல் ஐரோப்பாவினின்று திரும்புகையில், கடலின் நீலம் வானத்தின் நிழலன்று, நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதால் வருவதே என்று கப்பலிலேயே சோதித்து முடிவு கட்டினார். செந்நிறத்தை நீர் உட்கொள்வதும் பெருங்காரணமென்று இன்று அறிவோம். எனினும் சிதறும் ஒளியின்மீது சென்ற அவர் கருத்து திரும்பவில்லை. கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து, சூரிய ஒளியை ஊதா நிறக் கண்ணாடி வழியே தூய திரவங்களிற் செலுத்தினார். அவ்வூதா ஒளியை முற்றும் தடுக்கும் வேறொரு கண்ணாடியைக் கண்முன் வைத்த பின்னரும் மங்கலாய் ஓர் ஒளி தெரிந்தது. அது நிறம் மாறிய ஒளி! 1928 பிப்ரவரி 28-இல் இது உறுதியாயிற்று; 1930-இல் நோபல் பரிசும் வந்தது. கிருஷ்ணனின் பெயரை நாம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

மூலக்கூறின் அதிர்வே ஒளியின் நிறத்தை மாற்றுகின்றது. ஆகவே ஒவ்வொரு பொருளும் தனக்கேயுரிய வரிகளைக் காட்டும். கட்டியிலும் நல்ல மூளையிலும் கொழுப்பு, புரதம் முதலியவற்றின் அளவு வேறுபடுவதால், வரிகளும் வேறுபடுகின்றன.

இவ்வேறுபாட்டின் அருமையை மண்டையோட்டைத் திறந்த மருத்துவரே அறிவார். பரவும் கட்டியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. முன்னர் எடுத்த படமும், திறந்தபின் மூளை சற்றே அமிழ்வதால், பிசகிவிடும். குறைவாக அறுத்தால் கட்டி மீண்டும் தழைக்கும். சற்று மிகுந்தால் நோயாளி தன் மகளை அழைக்கும் சொல்லையே இழக்கக்கூடும்.

லேசர் ஒளி 1960-இல் தோன்றியபின் ராமன் வரிகளைக் காண்பது எளிதாயிற்று. கனடாவின் மான்ட்ரியாலில் கெவின் பெட்ரெக்கா என்னும் அறுவை மருத்துவரும், ஃப்ரெடெரிக் லெப்லோன் என்னும் அறிஞரும் தம் குழுவினருடன் பேனா போன்றதொரு கருவியை 17 நோயாளரிடம் பயன்படுத்தி, 2015-இல் முடிவுகளை வெளியிட்டனர். மூளையைத் தொட்ட 0.2 விநாடியில் ஒளி சேகரமாகிவிடும். புற்றுத்திசுவை 100-க்கு 93 முறை அது சரியாகக் காட்டியது. நல்ல திசுவை 91 முறை. பிழைத்த முறைகளும் உள. ஆதலின் கத்தியை எங்கே நிறுத்துவதென்பது இன்னும் மருத்துவரின் பொறுப்பே.

அக்கருவிக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. அறுவை அரங்கின் விளக்கொளி கலந்து, மெல்லிய ராமன் ஒளியை மறைத்தது. பௌபஜாரின் இருட்டறையிலே கிருஷ்ணன் கண்ணைப் பழக்கி உற்று நோக்கியதும் அதே மங்கல் ஒளியைத்தான்.