கம்பியில் குத்திய கடிதங்களும் பெயரில்லாத படங்களும்

நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். ஏலக்காய், மிளகு வியாபாரி. வீடு பாலக்காட்டில், சரக்கு எடுக்கக் குமுளி, வண்டன்மேடு, போடி என்று நாற்பது வருடமாக மலை ஏறி இறங்குகிறேன். மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "எனக்கென்ன சார் தெரியும்?" என்றுதான் முதலில் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பழைய கடிதம், பழைய போட்டோ விஷயத்தில் பெரிய தவறு ஒன்று செய்தவன் நான். அதனாலேயே அவற்றைப் பற்றித் தேடிப் படித்தவன். அந்த வகையில் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் பூர்வீகம் திண்டிவனம் பக்கம். தமிழ்ச் சமணர். தாத்தா ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அப்பா பிழைப்புக்காகப் பாலக்காடு வந்தார். அந்தக் காலத்துக் கடைகளில், அடியில் மரக்கட்டையும் நுனியில் கொக்கியுமாக ஒரு கம்பி தொங்கும். வந்த கடுதாசியைப் படித்ததும் அதில் குத்திவிடுவார்கள். கம்பி நிறைந்தால் கட்டிப் பரணில் போட்டுவிட்டு வேறு கம்பி. எங்கள் பரணில் அப்படிப் பதினாறு கம்பிகள் இருந்தன. 1990-களில் கடையை மாற்றியபோது பதினைந்தைப் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுக் கொடுத்தேன். ஒன்று மட்டும் மூட்டைக்குப் பின்னால் விழுந்து கிடந்ததால் தப்பியது.

அந்த ஒன்றைப் பல வருடம் கழித்துப் பிரித்தேன். "க்ஷேமம், உபயகுசலோபரி" என்று தொடங்கும் தாத்தாவின் கடிதங்கள். ஒன்றில் தேதி "துன்முகி வருடம் ஐப்பசி" என்று இருந்தது. நம் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. 1896-லும் ஒரு துன்முகி உண்டு. அப்போது அப்பா பிறக்கவே இல்லை. ஆகவே இது 1956. அந்த ஐப்பசியில்தான், நவம்பர் 1-ஆம் தேதி, சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு புதிய கேரளத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் போராட்டங்களுக்குப் பிறகும் கேரளத்திலேயே நின்றன. 1972-இல் இடுக்கி மாவட்டம் அமைந்தபோது அதில் அடங்கின.

மாநில மறுசீரமைப்புக் குழுவின் 1955 அறிக்கையில் இந்தத் தாலுகாக்களைப் பற்றி எவ்வளவோ விவாதம் இருக்கிறது. தாத்தா கேட்டிருப்பது மூன்றே கேள்வி: வாளையாரில் சரக்கை நிறுத்துவார்களா? பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்குமா? நீ ஊருக்குத் திரும்பி வந்துவிடுகிறாயா? எந்த அரசாங்கக் கோப்பிலும் மூன்றாவது கேள்வி இருக்காது. மீதிப் பதினைந்து கம்பிகளில் என்னென்ன இருந்தனவோ!

காத்தவர்கள்

கடிதத்தின் மதிப்பறிந்து காத்தவர் உ.வே. சாமிநாதையர். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த பிறகுதான் அவர் சீவக சிந்தாமணியில் இறங்கினார். சமண நூலின் நுட்பங்கள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் நூல் வெளிவந்தது. பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் போன்றவர்கள் அவருக்குக் கடிதம் எழுதினார்கள். தமக்கு வந்தவற்றை ஐயரவர்கள் பத்திரப்படுத்தினார். 1877 முதல் 1900 வரையிலான கடிதங்கள் 2018-இல் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் 'உ.வே.சா. கடிதக் கருவூலம்' என்று நூலாயின. அச்சேறிய நூலை மட்டும் பார்த்தால் பதிப்பித்தவர் ஒருவர்தான் தெரிவார். அவருக்குப் பின்னால் நின்ற பலரைக் காட்டுபவை கடிதங்களே.

இன்னொருவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் தொழில் தெரிந்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். புத்தகத்தோடு கடிதம், அழைப்பிதழ், நோட்டீஸ் எல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக நிலைபெறச் செய்தது. நம்மைப் போன்றவர்களும் சேர்க்கலாம், சேர்த்தால் உலகம் தேடி வரும் என்பதற்கு அவரே சாட்சி.

பெயர் போனால்

காப்பது மட்டும் போதுமா? போதாது. 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடியில் சீகன்பால்கும் கிரண்ட்லரும் நம்மவர்களிடம் கேள்விகள் கேட்டு, தமிழில் பதில் கடிதங்கள் பெற்றார்கள். அவற்றில் 99 ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை 'மலபாரியர்' என்று அழைத்ததால் 'மலபார் கடிதங்கள்' என்று பெயர். ஹாலேயின் பழைய அச்சு அறிக்கைகள் இன்று கணினியிலேயே படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் அச்சில் எழுதியவர்களின் பெயர் இல்லை. முந்நூறு ஆண்டாக நம் முன்னோர் பேசுகிறார்கள். பேசுவது யார் என்று சொல்லத்தான் ஆளில்லை.

மூணாறுக்கு வருவோம். 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். 1908-இல் அது சிறு ரயில் பாதையானது. தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிப் பக்கம் இறங்கிப் போடிக்கு வரும். 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. மூணாற்றில் ரயில் ஓடியது என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். போட்டோவைக் காட்டினால்தான் நம்புகிறார்கள். ஆனால் தோட்டத்துப் பழைய படங்களில் பெரும்பாலும் துரைமார் பெயர்தான் எழுதியிருக்கும். பாதை வெட்டியவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் 'கூலிகள்' என்பதோடு சரி. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து போன நம் ஜனங்கள் அவர்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் எல்லாம் நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். புதுவை பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழகத்துப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி எடுத்து, லண்டன் பிரித்தானிய நூலகத்தின் திட்டம் ஒன்றின் உதவியால் மின்படமாக்கியது. அருமையான பணி. அதே பிரித்தானிய நூலகம் 2023 அக்டோபரில் கணினித் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் மின்தொகுப்புகள் பல மாதங்கள் முடங்கின. ஒரே இடத்தை நம்பியிருப்பது ஆபத்து. யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்ததை மறக்க முடியுமா? 2005-இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் ஈழத்துத் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஏற்றி வருவது அந்த நெருப்பை மறக்காததால்தான்.

நாம் செய்யக்கூடியது

படத்தையும் கடிதத்தையும் லேமினேஷன் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். கம்பித் துரு பட்டதைத் தனியே வையுங்கள். ஸ்கேன் செய்யும்போது கடிதத்தின் பின்பக்கம், உறை, தபால் முத்திரை எல்லாம் சேரட்டும். படம் என்றால் 600 டிபிஐ. மூன்று பிரதி, மூன்று இடம். படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில், கையெழுத்துப் படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி, குரலைச் செல்போனில் பதியுங்கள். என் பேரன் மலையாளமும் இங்கிலீஷும் நன்றாகப் படிக்கிறான். தாத்தாவின் கடிதம் அவனுக்குக் கோலம் போட்ட மாதிரி இருக்கிறது. காகிதம் பிழைத்தாலும் படிக்க ஆளில்லையென்றால் அதுவும் எடைக்குத்தான் போகும்.

கடைசியாக ஒன்று. தப்பிய கம்பியோடு ஒரு போட்டோவும் கிடைத்தது. குமுளிப் பக்கம் ஏலக்காய் ஸ்டோர் வாசலில் ஐந்து பேர். இருவரைத் தெரியும், மூவரைத் தெரியாது. சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பையில் கொண்டுபோய்க் காட்டினேன். போன வருடம் கம்பத்தில் ஒரு வயதான அம்மா வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் முண்டாசோடு நிற்பவரை விரலால் தொட்டு, "இது எங்க அப்பா" என்றார். ஸ்டோரில் ஏலக்காய் காயவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டவராம். அந்த அம்மாவுக்கு நாலு வயதில் இறந்துவிட்டார். வீட்டில் அவர் படம் ஒன்றுகூட இல்லை. "எங்க அப்பா முகம் இதுதானா தம்பி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன். பின்னால் பெயரை அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். இன்னும் இருவர் பாக்கி. இந்த மலரைப் படிப்பவர்கள் வீட்டுப் பரணிலும் யாரோ ஒருவரின் அப்பா இருக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.