அலிபிரி

ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி நகரில், திருமலைக்கு ஏறும் படிவழி தொடங்கும் அடிவாரம். சித்தூர் மாவட்டத்தில் இருந்தது; 2022 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. பழந்தமிழர் வட எல்லையாகக் கொண்ட வேங்கடம் இம்மலையே.

பெயர்க்காரணம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. ‘அடிப்படி’ என்பதன் திரிபு என்பர் சிலர். வைணவ மரபோ ‘அடிப்புளி’ என்று கொண்டு ஒரு புளியமரத்தைச் சுட்டும். அதன் நிழலில் திருமலை நம்பி தம் மருமகன் இராமாநுசருக்கு ஓராண்டு இராமாயணப் பொருள் உரைத்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. பாடம் நீண்டு உச்சிக்காலத் தரிசனம் தவறிய நாளில், பெருமாளின் திருவடிகள் இங்கேயே தோன்றினவாம். இங்குள்ள பாதால மண்டபத்தில் அடியார்கள் உலோகப் பாதுகைகளைத் தலையில் சுமந்து வலம்வருவது இன்றும் நடக்கிறது.

மலைக்கோயிலுக்குப் பல்லவ குலத்துச் சாமவை வெள்ளித் திருமேனியும் நகைகளும் நிலமும் அளித்தார்; இதன் காலம் பொதுவாக கி.பி. 966 எனக் கொள்ளப்படுகிறது.

விஜயநகரக் காலத்துக்குச் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன. கிருஷ்ணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்தார். 1513இல் மட்டும் மூன்று முறை. முதல் வருகையில் மணிமுடியும் 25 வெள்ளித் தட்டுகளும் அளித்தார். தேவியர் சின்னாதேவியும் திருமலாதேவியும் பால் அமுது செய்யப் பொற்கிண்ணங்கள் தந்தனர். உதயகிரியை வென்று 1514இல் வந்தபோது 30,000 வராகனால் கனகாபிஷேகம் செய்தார். பின்னர் விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். கடைசி வருகையில் நவரத்தினக் குல்லாய் சாத்தினார். அவர் ஏறியது அலிபிரி வழியா, சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டு வழியா என்பதில் பின்னதையே ஊர் வழக்கு சொல்கிறது.  திருமலையில் பேரரசர் இரு தேவியருடன் கோயில் வாயிலுக்குள் செப்புச் சிலையாகக் கைகூப்பி நிற்கிறார். உள்ளே நுழையும் கூட்டம் அவரைக் கடந்துதான் போகிறது.

படிகளில் ஒரு பகுதியை 17ஆம் நூற்றாண்டில் மட்ல அனந்தராஜர் அமைத்ததாகக் கூறுவர். இன்று படிகள் ஏறத்தாழ 3,550. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரம் ஏற்றி ஏறுவது ‘மெட்லு பூஜை’. வேண்டுதல் நிறைவேறிய பெண்கள், வியர்வை வழியக் குனிந்து குனிந்து இதைச் செய்வார்கள். செங்குத்தான ‘முழங்கால் முறிச்சான்’ ஏற்றத்தை முழங்காலாலேயே ஏறுவோரும் உண்டு. மலையைக் காலால் மிதிக்க அஞ்சி இராமாநுசர் அப்படி ஏறினார் என்பது நம்பிக்கை.

கோயில் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 1843இல் ஹாத்திராம்ஜி மடத்துக்கும், 1933இல் தேவஸ்தானத்துக்கும் மாறியது. வண்டிகள் செல்லும் முதல் மலைப்பாதை 1944இல் திறக்கப்பட்டது. சிறுத்தை நடமாட்டத்தால் 2023இல் நடந்து ஏறுவோருக்குக் கைத்தடி வழங்கப்பட்டது.