ஸ்காட்லாந்து அரசி மார்கரெட் அம்மையார்

அதிகாரம், இல்லறம், தெய்வபக்தி என்னும் மூன்றும் ஒருவரிடத்தே ஒருங்கமைதல் அரிது. அதிகாரம் மிக்கார் பலர் தம் மக்களைப் பேணாது விடுத்தனர். பக்தியில் மூழ்கினார் பலர் இல்லத்தையும் நாட்டையும் துறந்தனர். இம்மூன்றனுள் ஒன்றையும் கைவிடாது நடத்தி, நிலைத்து நிற்கும் கிறிஸ்தவப் பணியை விட்டுச் சென்றவருள் ஸ்காட்லாந்து அரசி மார்கரெட் அம்மையார் ஒருவர். அவர்தம் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் இல்லத்தாரும் அறியுமாறு ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

அம்மையார் இங்கிலாந்தின் பழைய அரச மரபினர். அவர் தந்தை எட்வர்டு குழந்தைப் பருவத்திலேயே நாட்டினின்றும் அகற்றப்பட்டு, ஹங்கேரி தேசத்தில் வாழ்ந்தவர். அங்கே சற்றேறக்குறைய 1045-ஆம் ஆண்டில் மார்கரெட் பிறந்தார். 1057-இல் குடும்பத்தார் இங்கிலாந்துக்குத் திரும்பினர். சின்னாளிலே தந்தை இறந்தார். 1066-இல் நார்மாண்டிப் பிரபு வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றவே, தம்பி எட்கார் அரசுரிமை இழந்தார். தாயும் மக்களும் வடக்கே சென்று ஸ்காட்லாந்தில் புகலடைந்தனர். அந்நாட்டரசர் மூன்றாம் மால்கம், சுமார் 1070-இல் மார்கரெட்டை டன்பர்ம்லினில் மணந்தார். நாடிழந்து வந்த நங்கை இங்ஙனம் ஒரு நாட்டுக்கு அரசியாயினார்.

மால்கம் சிறந்த போர்வீரர், ஆயினும் எழுத்தறியாதவர். மனைவியார் ஓதும் நூல்களை அவர் கையிலேந்தி முத்தமிடுவார் என்றும், அவற்றுக்குப் பொன்னும் மணியும் பதிப்பித்துக் கொடுப்பார் என்றும், அம்மையாரை நேரில் அறிந்து அவர் சரித்திரம் எழுதிய டர்கட் என்னும் குருவானவர் கூறுகின்றார். திருச்சபை ஒழுங்குகளைச் சீர்ப்படுத்த அம்மையார் குருமாரைக் கூட்டிப் பலநாள் வாதித்தபோது, இருமொழியும் வல்ல அரசரே மொழிபெயர்ப்பாளராக அருகிருந்தார். நாற்பது நாள் நோன்பைத் தொடங்கும் நாள், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, மாற்றாந்தாயை மணக்கும் வழக்கத்தை ஒழித்தல் முதலியன அங்கே ஆராயப்பட்டன. அரசர் வாளேந்தி நிற்க ஆணையிட்டு முடிக்கத்தக்கதை, அம்மையார் நியாயம் எடுத்துரைத்து முடித்தார் என்பதை நாம் கருத்தில் இருத்தல் வேண்டும். காண்டர்பரியினின்று துறவோரை வரவழைத்து டன்பர்ம்லினில் மடம் நிறுவியதும், புனித அந்திரேயாவின் திருத்தலத்துக்குச் செல்லும் யாத்திரிகர் போர்த் ஆற்றின் கழிமுகத்தைக் கூலியின்றிக் கடக்க ஓடங்கள் அமைத்ததும் அவர் பணிகளே.

ஆயினும் அவருடைய இல்லறத்தில் ஓர் இடர் இருந்தது. கணவரின் படைகள் இங்கிலாந்தின் வடபகுதியைக் கொள்ளையிட்டு, அம்மையார் பிறந்த மரபினரின் குடிகளையே அடிமைகளாகப் பிடித்து வந்தன. அப்போர்களை அவரால் நிறுத்த இயலவில்லை. ஆனால் கொடுமைக்குள்ளான சிறைப்பட்டோர் எங்குளர் என்று மறைவாக ஆளனுப்பி அறிந்து, பொருள் கொடுத்து மீட்டு விடுவித்தார். நாடோறும் காலையில் ஒன்பது அநாதைக் குழந்தைகளை மடியிலிருத்தித் தம் கையாலேயே உணவூட்டினார். ஏழைகள் முந்நூற்றுவர் அமர்ந்துண்ண, அரசரும் அவருமே பரிமாறினர்.

இத்தனை அலுவல்களுக்கிடையிலும் ஆறு புதல்வரையும் இரு புதல்வியரையும் வளர்ப்பதை அவர் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு இருந்தாரல்லர். குற்றஞ்செய்யின் கண்டித்துத் திருத்துமாறு பணியாளர்க்குக் கட்டளையிட்டார். கிறிஸ்துவைப் பற்றி அவரவர் வயதுக்கேற்பத் தாமே போதித்தார்.

1093-இல், அம்மையார் தடுத்தும் கேளாது, அரசர் மறுபடியும் படையெடுத்தார். நவம்பர் 13-ஆம் நாள் ஆல்னிக் என்னுமிடத்தில் அவரும் மூத்த மகன் எட்வர்டும் வீழ்ந்தனர். நோன்பினாலும் நோயினாலும் மெலிந்திருந்த அம்மையார் அச்செய்தி கேட்டு, 16-ஆம் நாள் எடின்பரோக் கோட்டையில் உயிர்நீத்தார். அரசரின் தம்பி டொனால்டு அரியணையேறி, ஆங்கிலேயரை அரண்மனையினின்று துரத்தினார். புதல்வருள் எட்மண்டு என்பவரும் அவருடன் சேர்ந்தார். கட்டிய யாவும் இடிந்தன போலத் தோன்றின.

ஆனால் பிள்ளைகளின் உள்ளத்தில் விதைத்தது இடியவில்லை. எட்கார் 1097-இலும், அலெக்ஸாந்தர் 1107-இலும், தாவீது 1124-இலும் முறையே அரசராயினர். தாவீது 1128-இல் ஹோலிரூட் மடத்தையும், 1136-இல் மெல்ரோஸ் மடத்தையும் நிறுவினார். எட்மண்டும் முடிவில் துறவியானார். புதல்வி மட்டில்டா 1100-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றியை மணந்தார். அவர் வேண்டுகோளினாலேயே டர்கட் அச்சரித்திரத்தை எழுதினார். 1250-இல் பாப்பரசர் நான்காம் இன்னொசென்டு அம்மையாரைப் புனிதர் என்று பிரசித்தம் செய்தார்.

பழைய கேலிக் வழக்கங்களை அவர் மாற்றியது முற்றிலும் நன்றோ என்று வினவுவாரும் உளர். எனினும் அந்நாட்டுத் தனித்துறவோரை அவர் நாடிச்சென்று வணங்கி வந்தார் என்பதும் மறக்கற்பாலதன்று.

அன்பர்களே! மால்கம் கொள்ளையிட்டுக் கொணர்ந்த பொருள் இன்று எங்கே? அம்மையார் ஓதிய சுவிசேஷப் புத்தகமோ ஆக்ஸ்போர்டு நூல்நிலையத்தில் உள்ளது. தாயின் பெயரால் விளங்கும் சிற்றாலயம் எடின்பரோக் கோட்டையில் நிற்கின்றது. ஓடத்துறையோ 1964-இல் பாலம் திறக்கப்படும்வரை வழங்கியது. 'அரசியின் துறை' என்று பொருள்படும் ஊர்ப்பெயர் இன்னும் வழங்குகின்றது. பதவியும் பொருளும் பெற்ற நம்மவர், அவற்றுள் ஒரு பங்கை எளியோர்க்கும், தம் நேரத்துள் ஒரு பங்கைத் தம் மக்களுக்கும் தவறாது அளிப்பாராக. அதிகாரம் ஒருநாட் போரில் அழியும். பிள்ளைகளிடத்தே ஊன்றிய பக்தியோ தலைமுறை கடந்தும் பயன் தரும்.