விரல் நுனியில் ஒரு சாட்சி

குறட்டையை நெடுங்காலம் நகைப்புக்குரியதாகவே கருதிவந்தோம். நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு நின்றுபோவதை 1965இல் பிரான்சின் மார்செய் நகரில் கஸ்தோ குழுவினர் பதிவுசெய்து காட்டினர். ஆயினும் உறங்குபவரின் இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு குறைகிறது என்பதை ஊசியின்றி, உறக்கம் கலையாமல் அறிவது எளிதாயிருக்கவில்லை.

வழி திறந்தவர் யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ ஆவோயாகி. அவர் தேடியது வேறொன்று. இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் காதில் ஒளி பாய்ச்சி அறிய முயன்றார். நாடித்துடிப்பு இடையூறு செய்தது. சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளை ஒப்பிட்டு அதனை நீக்கினார். ஒட்சிசன் குறைந்ததும் துடிப்பு மீண்டும் தலைகாட்டியது. இடையூறே அளவுகோலாகும் என்பதை உணர்ந்து, 1974இல் அதனை வெளியிட்டார். (குற்றவாளியே சாட்சியான கதை என்பேன்.)

அக்கருவியின் வழிவந்த சிறு கவ்வியை இன்று வீட்டிலேயே இரவு முழுவதும் விரலில் அணியலாம். மூச்சு அடைபடும்தோறும் ஒட்சிசன் கோடு சரிந்து, மீண்டும் எழும். தடை தொண்டையிலா, மூளையின் கட்டளையிலா என்பதைக் கவ்வி மட்டும் சொல்லாது. அதற்கு மூக்கருகே காற்றோட்டமும் மார்பின் அசைவும் பதிவாக வேண்டும்.

ஆவோயாகி 2020 ஏப்ரலில் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, கறுப்பின நோயாளரிடம் இக்கருவி உண்மையைவிட உயர்ந்த அளவைக் காட்டுவது அதிகம் எனக் கண்டது. கருநிறத் தோலுடைய நம்மவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.