ஹடப்சர் கொடுத்த பெண்

தாராபாய் ஷிண்டேயின் 'ஸ்திரீ புருஷ துலனா' (பெண் ஆண் ஒப்பீடு) 1882இல் புனேயில் ஸ்ரீ சிவாஜி அச்சகத்தில் அச்சானது. 500 படிகள், விலை ஒன்பது அணா. எழுதியவர் புல்டாணா ஊரில் வாழ்ந்த மராட்டியப் பெண். நெடுங்காலம் மறந்துபோயிருந்த நூலை 1975இல் ச. கங். மால்ஷே மீண்டும் பதிப்பித்தார். அந்த நூலின் தடம் பிடித்துப் போன என் தேடல், புனேக்குக் கிழக்கே சோலாப்பூர் சாலையிலுள்ள ஹடப்சரில் போய் முடிந்தது.

நூலுக்குக் காரணம் ஒரு கொலை வழக்கு. 1881இல் சூரத்தில் விஜயலட்சுமி என்ற இளம் பிராமண விதவை, தான் பெற்ற குழந்தையைக் கொன்றதற்காகத் தூக்குத் தண்டனை பெற்றார். பிறகு அது குறைக்கப்பட்டது. பெண்களின் ஒழுக்கம் கெட்டுவிட்டதென்று பத்திரிகையில் எழுதினார்கள். தாராபாய், அந்த ஆண் எங்கே என்று கேட்டார்.

வழக்குக்குப் பதில் எழுத வந்தவர் ஏன் கதைகளைப் பிடித்துக்கொண்டார்? அவர் சாடும் நூல்களைப் பார்த்தபோது விடை தெரிந்தது. ராம்ஜி கணோஜியின் 'ஸ்திரீ சரித்திர' 1854இல் வந்தது. பெண்களின் வஞ்சகத்தை அடுக்கும் கதைகள். மதனகாமராஜன் கதை படித்த தமிழருக்கு அந்தச் சரக்கு புதிதல்ல. 1861இல் வந்த ஹல்பேயின் 'முக்தமாலா' நாவலையும் அவர் விடவில்லை. புராணத்துத் தேவர்களையும் முனிவர்களையும் அதே தராசில் நிறுத்தினார். பெண்மீது பழி சுமத்த நீதிமன்றம் கூட வேண்டியதில்லை, கதைகளே தீர்ப்பை எழுதிவைத்துவிட்டன என்பது என் வாசிப்பு. இது மராட்டியத்துக்கு மட்டும் உரியதுமல்ல. சீனத்தில் லியூ சியாங் கி.மு. முதல் நூற்றாண்டில் தொகுத்த பெண்கள் வரலாற்றில், அரசன் மணக்கக் கேட்டதை மறுக்க ஒரு விதவை தன் மூக்கையே அறுத்துக்கொள்கிறாள். 'உயர்ந்த ஒழுக்கத்தாள்' என்று அவளுக்குப் பட்டம் கொடுப்பவன் அந்த அரசனேதான்.

தாராபாய்க்குத் துணை நின்றவர் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே. 1885இல் தம் 'சத்சார்' இதழில் இந்நூலுக்கு ஆதரவாக எழுதினார். அவருக்கு ஏன் அத்தனை அக்கறை என்பதை, 1884 டிசம்பர் 4 தேதியிட்டு அவர் பம்பாய் அரசுக்கு எழுதிய குறிப்பு விளக்குகிறது. நண்பர் கோவண்டேயின் வீட்டில் வேலை செய்த காசிபாய் என்ற பிராமண விதவையைச் சாஸ்திரி ஒருவர் கெடுத்தார். அவள் பிறந்த குழந்தையைக் கொன்று கிணற்றில் போட்டாள். ஆயுள் முழுவதற்கும் அந்தமானுக்கு அனுப்பப்பட்டாள். சாஸ்திரிக்குத் தண்டனை ஏதும் இல்லை. இதன் பிறகே புலே தம்பதி, கருவுற்ற விதவைகள் மறைவாகப் பிள்ளை பெற ஒரு புகலிடம் திறந்தார்கள். அங்கு 35 பேர் பிள்ளை பெற்றதாகவும் ஐந்து குழந்தைகளே உயிரோடிருப்பதாகவும் குறிப்பு சொல்கிறது.

இங்கே ஒரு சிக்கல். புலே தம்பதி 1874இல் தத்தெடுத்த யஷ்வந்தின் தாயும் காசிபாய் என்ற பிராமண விதவைதான். இருவரையும் ஒருவராகவே சொல்லும் கதைகள் பல உண்டு. ஆவணம் அதற்கு இடம் தரவில்லை. முதல் காசிபாயின் குழந்தை செத்துவிட்டது. அவள் கடல் கடந்து போன பின்னரே புகலிடம் வந்தது. அங்கு வந்து யஷ்வந்தைப் பெற்றவள் வேறொருத்தி. பெயர் ஒற்றுமையைத் தவிர இருவரையும் இணைக்க எதுவும் இல்லை.

1887இல் புலே எழுதிப் பதிவு செய்த உயில் யஷ்வந்தைத் தம் வாரிசாக்குகிறது. ஆனால் விதவையின் மகனுக்குப் பெண் கொடுப்பவர் யார்? சொத்தை எழுதி வைக்கலாம், சம்பந்தத்தை எழுதி வைக்க முடியாது. கொடுத்தவர் ஹடப்சரின் ஞானோபா கிருஷ்ணாஜி சாசனே. புலே வாதத்தால் கை முடங்கிக் கிடந்த நாட்களில், 1889 பிப்ரவரி 4 அன்று, சாசனேயின் மகள் ராதாவுக்கும் யஷ்வந்துக்கும் புரோகிதர் இல்லாத சத்தியசோதக முறையில் திருமணம் நடந்தது. கதைகளில் விதவையின் பிள்ளை தாயின் குற்றத்துக்குச் சாட்சி; ஹடப்சரில் அவன் மாப்பிள்ளை. தாராபாயின் நூலுக்கு ஒரு குடும்பம் செயலால் தந்த பதிலாகவே இதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஞானோபா அந்நூலைப் படித்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. அது தேவையும் இல்லை.

1897இல் பிளேக் பரவியபோது மருத்துவரான யஷ்வந்த், ஹடப்சரின் சாசனே மளாவில், அதாவது சாசனே தோட்டத்தில், நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். நோய்ப்பட்ட ஒரு சிறுவனை முந்துவாவிலிருந்து அங்கு சுமந்துவந்த புலேயின் மனைவி சாவித்திரிபாய்க்கும் நோய் தொற்றியது. மார்ச் 10இல் காலமானார்.

புலே தம்பதியின் வரலாற்றைச் சொல்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு காசிபாய்களையும் தனித்தனியே சொல்லுங்கள். ஒன்றாக்கினால், அந்தமானுக்குப் போனவளும் காப்பாற்றப்பட்டதாக ஆகிவிடும். அவளை யாரும் காப்பாற்றவில்லை.