'மர்மயோகி' பெற்ற 'ஏ' சான்றிதழ்

ஒரு திரைப்படம் இளையோர் காணத்தக்கதா என வினவின், இன்று பெரும்பாலோர் காமக் காட்சிகளையும் குருதிக் காட்சிகளையுமே எண்ணுவர். தமிழ்ப் படங்களுள் முதன்முதல் 'வயது வந்தோர்க்கு மட்டும்' என்னும் வரையறைக்கு உட்பட்டதோ இவ்விரண்டாலும் அந்நிலை எய்தவில்லை. 1951-இல் வெளிவந்த ஜூபிடர் பிக்சர்ஸாரின் 'மர்மயோகி', பேய்க் காட்சிகள் பற்றியே 'ஏ' சான்றிதழ் பெற்றது.

1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னை, பம்பாய், கல்கத்தா, இரங்கூன் ஆகிய நகரங்களில் 1920-இல் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. பார்வையாளரை வயதால் பகுத்து, 'யு', 'ஏ' என இருவகைச் சான்றிதழ் வகுத்தது 1949-ஆம் ஆண்டுத் திருத்தமே. அஃது இட்ட கோடு ஒன்று; பதினெட்டு வயது. ஏழு வயதுச் சிறுவனும் பதினேழு வயதுக் கல்லூரி மாணவனும் அக்கோட்டின் ஒரு புறத்தே நின்றனர்.

ஏ. எஸ். ஏ. சாமி எழுத, கே. ராம்நாத் இயக்கிய படம் அது. ஊர்வசி என்பாள் அரசனை நீரில் வீழ்த்தி ஆட்சியைக் கவர்கின்றாள். மாண்டான் எனக் கருதப்பட்ட அரசனின் ஆவி அவள்முன் தோன்றி நடுங்கச் செய்கின்றது. ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகம் பயின்றார்க்கு இது புதிதன்று. ஆயின், அரசன் மாளவில்லை என்பதும், யோகியாய் உலவியவன் அவனே என்பதும் இறுதியில் புலனாகின்றன. பேயைக் காட்டிப் பின் பேயில்லை என்று நிறுவிய படம், பேயின் பொருட்டே சிறார்க்கு விலக்கப்பட்டது!

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு நிலைக்களன் நான்கு கூறி, அவற்றுள் அணங்கை முதற்கண் வைத்தார். உரையாசிரியர் பேயையும் அணங்கினுள் அடக்குவர். எனவே, 'மர்மயோகி' தந்தது தமிழர்க்குப் பழகிய சுவையே. 'கலிங்கத்துப் பரணி'யில் செயங்கொண்டார் பேய்களைக் கூழட்டு உண்ணச் செய்து நகையும் விளைத்தார். (பரணியைப் பாடமாக்குங்கால் மாணவர்க்கு வயதெல்லை வகுத்தார் எவரும் இலர்.)

இவ்வளவு கொண்டு தணிக்கையாளர் பிழைத்தார் என முடிவுகட்டல் பொருந்தாது. கோவளம் அடங்கிய செங்கற்பட்டு வட்டாரத்துத் தெருக்கூத்தை நோக்குக. திரௌபதி துகிலுரிதலையும் பதினெட்டாம் போரையும் சிறார் விடியவிடியக் கண்டனர். அங்கே குழந்தை தாயின் மடியில் இருந்தது. அச்சம் மிகும் இடத்துக் கட்டியங்காரன் புகுந்து நகைப்பூட்டினான். வேடம் புனைந்தவன் அடுத்த தெருவினன் என்பதைச் சிறுவனும் அறிவான். திரையரங்கின் இருளில் இத்துணைகள் இல்லை. ஆவி பொய் என்று படம் உரைப்பது கடைசியில். சிறுவன் நடுங்குவதோ அக்காட்சியிலேயே. நூல் முழுமையும் கொண்டு சுவையைத் துணிதல் புலவர் நெறி. ஐந்து வயதுப் பிள்ளை அங்ஙனம் காண்பதில்லை.

ஆதலின், தணிக்கையாளர் அச்சத்தை மதிப்பிட்டது தவறன்று என்பதே எம் துணிபு. குறை, அம்மதிப்பீட்டைத் தாங்க இயலாத சட்டத்தினது. ஐந்து வயதினனைக் காக்கப் புகுந்து, 'மாக்பெத்' கற்கும் பதினாறு வயதினனையும் அது வாயிலில் நிறுத்திற்று. பன்னிரண்டு வயதிற்கு உட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டலுடன் காணும் 'யுஏ' வகை 1983-இல்தான் வந்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஏழு, பதின்மூன்று, பதினாறு என மூன்றாகப் பகுத்துள்ளது. 'மர்மயோகி'யை இன்று மதிப்பிடின் ஏழிலோ பதின்மூன்றிலோ நிறுத்தலாம். பதினெட்டுக்கு இடமே இல்லை.