விருந்தாளியா, குடியேறியா? 214(பி) பிறந்த கதை

சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு, பேரக் குழந்தையைப் பார்க்கப் போகிற தாத்தா பாட்டிகள் ஃபைல் கட்டோடு வருவது பழகிப்போன காட்சி. வீட்டுப் பத்திரம், பாஸ்புக், பென்ஷன் ஆர்டர், மகன் அனுப்பிய கடிதம் என்று எல்லாம் அதில் இருக்கும். உள்ளே இரண்டு நிமிடப் பேச்சு. சிலருக்கு விசா. சிலருக்கு ஒரு தாள் மட்டும். அதில் 214(பி) என்று போட்டிருக்கும்.

"எல்லாப் பேப்பரும் சரியாத்தானே இருந்தது? ஏன் கொடுக்கலை?" என்பதுதான் வெளியே வந்ததும் எல்லோரும் கேட்கிற கேள்வி. பேப்பரில் தப்பு இல்லை. விசா கேட்டு வருகிறவர் நிரந்தரமாகத் தங்கத்தான் வருகிறார் என்று முதலில் அனுமானிக்க வேண்டும், 'இல்லை, திரும்பிப் போய்விடுவேன்' என்று காட்டுவது அவர் பொறுப்பு என்கிறது அந்தப் பிரிவு. ஆடிட்டர் காவல் நாயே தவிர வேட்டை நாய் அல்ல என்று பி.காம் ஆடிட்டிங் பாடத்தில் வருமே, இது அதற்கு நேர் எதிர். சந்தேகத்தில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இந்தச் சந்தேகம் எப்போது ஆரம்பித்தது? அதற்கு 1882க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரத் தடை போட்டது. ஆனால் வியாபாரிகளைத் தடுக்க முடியவில்லை, சீனாவுடனான வர்த்தகம் வேண்டுமே! ஆக வியாபாரி, மாணவர், ஆசிரியர், சுற்றிப் பார்க்க வருபவர் ஆகியோர் மட்டும் வரலாம். வருகிறவர் உண்மையில் வியாபாரிதானா, கூலி வேலைக்கு வருகிறவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1884ல் சட்டத்தைத் திருத்தி இதற்கு வழி செய்தார்கள். வியாபாரி என்றால் என்ன தொழில், அதன் மதிப்பு எவ்வளவு என்று சான்றிதழில் எழுத வேண்டும். சுற்றிப் பார்க்க வருபவர் என்றால் சொந்த நாட்டில் அவருடைய பண நிலைமை என்ன என்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் இருக்கும் அமெரிக்கத் தூதர் அதை விசாரித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்குப் பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துக்கொண்டு ஓடுகிறோமே, அந்த வழக்கம் இங்கேயே தென்பட்டுவிடுகிறது.

சான்றிதழ் கையில் இருந்தும் மாட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு. பெயர் சே சான் பிங். 1875 முதல் கலிபோர்னியாவில் இருந்த தொழிலாளி. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம் என்று அரசாங்கமே கொடுத்த சான்றிதழோடு 1887ல் சீனா போனார். அடுத்த வருடம் கப்பலில் திரும்பி வந்துகொண்டிருக்கும்போது, 1888 அக்டோபர் 1 அன்று, அப்படிப்பட்ட சான்றிதழ்கள் எதுவும் செல்லாது என்று புதிய சட்டம் வந்துவிட்டது. அவர் கப்பல் சான்ஃபிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தது ஒரு வாரம் கழித்து. இறங்க விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. யாரை உள்ளே விடுவது என்பது ஒரு நாட்டின் இறையாண்மை, அதில் நீதிமன்றம் தலையிடாது என்று 1889ல் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். பாவம், நடுக்கடலில் இருந்தவருக்குச் சட்டம் மாறியது எப்படித் தெரியும்?

ஐரோப்பியர்களுக்கு அப்போது இந்தத் தொல்லை இல்லை. விருந்தாளியா குடியேறியா என்பது அவர்கள் விஷயத்தில் பெரிய கேள்வியாகவே இல்லை, ஏனென்றால் பெரும்பாலோர் இரண்டு விதமாகவும் வர முடிந்தது. அது மாறியது 1920களில். 1921லும் பிறகு 1924லும் நாட்டுக்கு இத்தனை பேர் என்று கோட்டா வந்தது. (இந்தியர்கள் குடியேற 1917லேயே தடை போட்டாயிற்று. 1946ல்தான் வருடத்துக்கு 100 பேர் என்று கதவு திறந்தது.) எண்ணிக்கைக்கு அளவு வைத்ததும், அளவில்லாத ஒரே பெரிய வாசல் விருந்தாளி வாசல் ஆகிவிட்டது. அதனால் காவல் அங்கே பலமானது. வெளிநாட்டில் இருந்து வருகிற எவரும் குடியேறிதான், கீழ்க்கண்டவர்களைத் தவிர, என்று எழுதியது 1924 சட்டம். தவிர்க்கப்பட்ட பட்டியலில் ஒன்றுதான் 'வியாபாரத்துக்காகவோ உல்லாசத்துக்காகவோ தற்காலிகமாக வருபவர்'. வேடிக்கை என்னவென்றால் மாணவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் கோட்டாவுக்கு வெளியே உள்ள குடியேறிகளாகவே கருதப்பட்டார்கள்.

1952ல் புதுச் சட்டம். ஜனாதிபதி ட்ரூமன் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தித் திருப்பி அனுப்பியும் காங்கிரஸ் விடவில்லை, மீண்டும் ஓட்டெடுத்து நிறைவேற்றியது. 214(பி) அதில் இருக்கிறது. பி-1, பி-2, எஃப்-1 என்று பெரிய ரகசியக் குறியீடு போலச் சொல்கிறோமே, அவையும் அந்தச் சட்டத்தின் உட்பிரிவு எழுத்துகள்தான். ஏ தூதர்களுக்கு, பி விருந்தாளிகளுக்கு, சி வழியில் கடந்து போகிறவர்களுக்கு, டி கப்பல், விமானச் சிப்பந்திகளுக்கு, எஃப் மாணவர்களுக்கு. அகர வரிசை, அவ்வளவே.

இன்னொரு குழப்பமும் இதோடு சேர்ந்தது. விசாவில் பத்து வருடம் என்று இருந்தால் பத்து வருடம் தங்கலாம் என்று அர்த்தம் இல்லை. விசா என்பது வாசலில் வந்து கதவைத் தட்ட அனுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்று முடிவு செய்வது விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி. அது ஐ-94 பதிவில் இருக்கும், விருந்தாளிகளுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம். முன்பு பாஸ்போர்ட்டில் ஒரு வெள்ளைச் சீட்டாகச் செருகித் தருவார்கள். 2013ல் இருந்து விமான நிலையங்களில் அது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டதால், தேதியைப் பார்க்காமல் விட்டுவிடுவது இன்னும் சுலபம்.

மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது. மறுபடி பணம் கட்டி, மறுபடி வரிசையில் நிற்கலாம்.

1990ல் இந்தச் சந்தேக விதியில் இருந்து சிலருக்கு விலக்குக் கொடுத்தார்கள். கம்பெனி அழைத்துப் போகிற எச்-1பி, எல் விசாக்காரர்களுக்கு. வருடக் கணக்கில் தங்கி வேலை பார்க்கப் போகிற மகன், திரும்பி வருவான் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அவன் குழந்தையைப் பார்க்க ஆறு மாதம் போய்வர நினைக்கிற அம்மா நிரூபிக்க வேண்டும்.